ஆர்எக்ஸ் 100: சோக் போட்டாத்தான் ஸ்லோ நிக்குது, குன்னூர் ஏறினா மட்டும் சரியாகுது

கல்லார்_94

வணக்கங்க. 1994 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100. ரெண்டு வருஷம் ஓடாம நின்ன வண்டி. ஆயில் பம்ப் ஏற்கெனவே கழட்டி அடைச்சிருக்கு, டேங்க்லயே லிட்டருக்கு 30 மில்லி 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் ஆயில்) கலக்கறேன்.

காலையில சோக் போட்டா ரெண்டாவது கிக்ல எடுத்துக்குது. சோக்கை இறக்கினா அரை நிமிஷத்துல அமந்துருது. நல்லா சூடான பிறகும் சோக் கொஞ்சம் இருந்தாத்தான் ஸ்லோ (ரேஸ் குடுக்காதப்ப இஞ்சின் ஓடற ஓட்டம்) நிக்குது. ஸ்லோ ஸ்க்ரூவை நிறைய உள்ள திருகி வச்சுத்தான் சமாளிக்கறேன். ரேஸ் குடுத்து விட்டா உடனே இறங்கறதில்ல, நாலஞ்சு செகண்ட் அப்படியே கத்திட்டு நின்னு அப்புறம் இறங்குது. 40ல ஒரே சீரா போனா இழுத்து இழுத்து விடுது. முழுசா முறுக்கினா எந்தக் குறையும் தெரியல, போகுது.

இதுவரைக்கும் செஞ்சது: கார்புரேட்டர் ரெண்டு தடவை கழட்டிக் கழுவியாச்சு. கடையில வித்த ரிப்பேர் கிட் ஒண்ணு போட்டாச்சு (பைலட் ஜெட், மெயின் ஜெட், ஃப்ளோட் நீடில், பேக்கிங்). பிளக் புதுசு. ஏர் ஃபில்டர் சுத்தம். ஏர் ஸ்க்ரூவை முழுசா மூடினா கொஞ்சம் தேவலை, ஆனா சரியாகல. பிளக் முனை வெள்ளையா இருக்கு.

எனக்குப் புரியாத ஒண்ணு: மேட்டுப்பாளையத்துல இவ்வளவு தகராறு பண்ற வண்டி, குன்னூர் போய்ச் சேர்ந்தா சோக் இல்லாமலே ஸ்லோ நிக்குது. இழுத்து விடறதும் பாதியாக் குறையுது. கீழ இறங்கினா திரும்பவும் பழைய கதை. குளிர்ச்சியினாலயா?

போர்_செட்

குளிர்ச்சிதான் ப்ரோ. மேல இஞ்சின் கூலா இருக்கும், அதான் நல்லா ஓடுது. பிளக் வெள்ளையா இருந்தா லீன், அதாவது காத்துக்குத் தக்க பெட்ரோல் வரல. மெயின் ஜெட் ரெண்டு சைஸ் ஏத்திப் போடுங்க, ஏர் ஸ்க்ரூவை இன்னும் ரெண்டு சுத்து வெளிய விடுங்க, பெட்ரோல் அதிகமா வரும்.

ஸ்பேனர்_10_12

லீன் என்பது சரி. மற்ற மூன்றும் தப்பு. இதைப் படித்து யாராவது செய்துவிடக் கூடாது என்பதால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

ஏர் ஸ்க்ரூ: இந்த வண்டியில் இருப்பது மிக்குனி விஎம்20 கார்புரேட்டர். ஸ்க்ரூ ஸ்லைடுக்கு (ரேஸ் கொடுத்தால் மேலே ஏறிக் காற்று வழியைத் திறக்கும் துண்டு) ஏர் ஃபில்டர் பக்கம் இருக்கிறது, அது கட்டுப்படுத்துவது காற்றை. வெளியே விட்டால் காற்று கூடும், லீன் ஆகும். பல நாலு ஸ்ட்ரோக் வண்டிகளில் ஸ்க்ரூ இஞ்சின் பக்கம் இருக்கும். அது கலவையைக் கட்டுப்படுத்தும், வெளியே விட்டால் பெட்ரோல் கூடும். இரண்டும் நேர் எதிர். பாதிப் பேர் டியூனிங்கில் குழம்புவது இங்கேதான்.

மெயின் ஜெட்: முக்கால் ரேஸுக்கு மேல்தான் அதற்கு வேலை. அந்த இடத்தில் வண்டி நன்றாகவே போகிறது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஸ்லோவுக்கும் 40 வேகத்துக்கும் மெயின் ஜெட் மாற்றுவது, செருப்பு கடிக்கிறது என்று தொப்பியை மாற்றுகிற மாதிரி.

இனி குன்னூர். நீங்கள் எழுதியதிலேயே விலைமதிப்பான தகவல் அதுதான், அதைக் கடைசியில் போட்டிருக்கிறீர்கள். குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது. குளிர்ச்சி மட்டும் காரணமாக இருந்தால் வண்டி இன்னும் லீன் ஆகி, தகராறு அதிகமாகியிருக்க வேண்டும். நடந்தது வேறு. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர், குன்னூர் சுமார் 1,850 மீட்டர். மேலே குளிர்ச்சியைக் கணக்கில் சேர்த்தாலும் காற்றின் அடர்த்தி 12, 13 சதவீதம் குறைவு. கார்புரேட்டருக்கு அது தெரியாது. வென்ச்சுரி (கார்புரேட்டரின் குறுகலான கழுத்து) வழியே பாய்கிற காற்று லேசானால் பெட்ரோலும் குறையும், ஆனால் காற்று குறைகிற அளவுக்குக் குறையாது. கணக்குப் போட்டால் கலவை 6, 7 சதவீதம் ரிச் ஆகிறது, அதாவது காற்றோடு ஒப்பிட்டால் பெட்ரோல் கூடுகிறது. அந்த 6, 7 சதவீதத்தில் உங்கள் வண்டி குணமாகிறது என்றால், கீழே குறைந்தது அவ்வளவு லீனாக ஓடுகிறது என்று அர்த்தம். மலையே உங்களுக்கு ஒரு டியூனிங் ஸ்க்ரூ.

லீன் ஆவதற்கு இரண்டே வழி: பெட்ரோல் குறைவது, அல்லது கார்புரேட்டருக்குத் தெரியாமல் எங்கிருந்தோ காற்று நுழைவது. எது என்று பிரித்த பிறகுதான் ஸ்க்ரூவைத் தொட வேண்டும்.

பெட்ரோல் வரத்து: முழு ரேஸில் குறை இல்லை, சோக் போட்டால் பிடித்துக்கொள்கிறது. விஎம்மில் சோக் என்பது காற்றை மறிக்கும் பலகை அல்ல, பவுலிலிருந்து (கார்புரேட்டர் அடியில் பெட்ரோல் நிற்கும் கிண்ணம்) தனி வழியில் கூடுதல் பெட்ரோல் தரும் ஒரு பிளஞ்சர். ஆக பவுலில் பெட்ரோல் இருக்கிறது. இருந்தாலும் ஐந்து நிமிட வேலைதான், பார்த்துவிடுங்கள். குழாயைக் கழற்றி, அளவு போட்ட பாட்டிலில் பெட்ரோல் காக்கை (டேங்க் அடியில் உள்ள திறப்பான்) திறந்து விடுங்கள், டேங்க் மூடி மூடியபடியே இருக்கட்டும். இந்த இஞ்சின் முழு ரேஸில் நிமிடத்துக்கு 80 மில்லிக்குப் பக்கத்தில் குடிக்கும். காக்கில் 150 மில்லிக்கு மேல் வந்தால் போதும். முதல் நிமிடம் நன்றாக வந்து அப்புறம் நூலாக இறங்கினால் மூடியின் காற்றுத் துளை அடைப்பு. பிடித்ததை அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்), எத்தனால் தண்ணீரை இழுக்கும். அடியில் தனி அடுக்காகத் திரவம் நின்றால் டேங்கைக் காலி செய்து கழுவாமல் மேற்கொண்டு எதுவும் செய்யாதீர்கள்.

பைலட் வழி, அதாவது ஸ்லோவுக்குப் பெட்ரோல் தரும் வழி: பழைய பெட்ரோல் காய்ந்து படிகிற பிசின் முதலில் அடைப்பது இதைத்தான். பவுலைக் கழற்றி, மெயின் ஜெட்டையும் பைலட் ஜெட்டையும் எடுங்கள். ஏர் ஸ்க்ரூவை முதலில் உள்ளே திருகி எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொண்டு பிறகு கழற்றுங்கள், ஸ்ப்ரிங்கைத் தொலைக்காதீர்கள். ஃப்ளோட், ஓ ரிங், சோக் பிளஞ்சர் எல்லாம் வெளியே வந்த பிறகுதான் கிளீனர் ஸ்ப்ரே. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், ஒரு துளையில் அடித்தால் இன்னொரு துளையிலிருந்து நேரே கண்ணுக்குத்தான் வரும். ஏர் ஸ்க்ரூ துளையில் அடியுங்கள். பைலட் ஜெட் உட்கார்கிற குழியில் வர வேண்டும், விரலால் அதை மூடினால் ஸ்லைடுக்கு இஞ்சின் பக்கம் தரையில் உள்ள ஊசித் துளையிலும், ஸ்லைடு விளிம்புக்கு நேர் கீழே உள்ள இன்னொரு சின்னத் துளையிலும் பீய்ச்ச வேண்டும். இரண்டாவது துளை இருப்பதே பலருக்குத் தெரியாது. ஸ்லோவிலிருந்து ரேஸுக்கு மாறுகிற இடத்தில் பெட்ரோல் தருவது அதுதான். ஒன்றில் வந்து ஒன்றில் வரவில்லை என்றால் நீங்கள் கழுவியது வெளிப்புறத்தை மட்டும்.

பிசினுக்குத் தின்னர் வேலை செய்யும். வெள்ளையாகவோ பச்சையாகவோ மாவு மாதிரி இருந்தால் அது தண்ணீர் அரித்த உப்பு, தின்னரில் கரையாது. அல்ட்ராசானிக் தொட்டி இருக்கும் இடத்தில் கொடுங்கள். ஜெட் துளைக்குள் ஸ்டீல் ஊசி விடாதீர்கள், பித்தளை அகன்றுவிட்டால் அதன் மேல் எழுதியிருக்கிற நம்பருக்கு மதிப்பே இல்லை. ஒயருக்குள் இருக்கும் ஒற்றைச் செம்பு இழை போதும்.

கிட்: சந்தேகப் பட்டியலில் மேலே வையுங்கள். பழைய பைலட் ஜெட் இருந்தால் புதியதன் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். நம்பர் ஒன்றாக இருந்தாலும் பக்கவாட்டுத் துளைகளின் எண்ணிக்கை, நீளம், நடுத்துளை மாறும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலே தெரியும். பழைய ஒரிஜினல் பித்தளை கெடாமல் இருந்தால், சுத்தம் செய்து அதையே போடுவதுதான் என் பழக்கம்.

கல்லார்_94

பழசைத் தூக்கிப் போடலைங்க, டப்பாவுல இருக்கு. ஸ்க்ரூ விஷயம் இப்பத்தான் விளங்குது. ஆயில் 30 மில்லி கலக்கறது அதிகமா? ஆயில் கூடினா பெட்ரோல் குறையும், அதனால லீன் ஆகும்னு ஒருத்தர் சொன்னார்.

ஸ்பேனர்_10_12

கணக்குப்படி சரி, நடைமுறையில் ஒன்றுமில்லை. 20க்கும் 30க்கும் வித்தியாசம் ஒரே ஒரு சதவீதம். அதைக் குறைக்கப் போகாதீர்கள். பம்ப் இல்லாத வண்டியில் ஆயில் பெட்ரோலோடுதான் உள்ளே போகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும். லீனாக ஓடும்போது சூடும் கூடி, ஆயிலும் குறைந்து, பிஸ்டன் பிடிப்பது அப்படித்தான். இது சரியாகும் வரை நீண்ட ஏற்றத்தில் முழு ரேஸில் பிடித்து ஓட்டாதீர்கள். இறக்கத்தில் கியரில் ரேஸை மூடி வெகுதூரம் உருட்டுவதும் கூடாது, சக்கரம் இஞ்சினைச் சுற்றும், உள்ளே ஆயில் போகாது. கல்லாறு இறக்கத்தில் இடையிடையே கிளட்ச் பிடித்து ஒரு ரேஸ் கொடுங்கள்.

ரீடு_வால்வ்

மேல எழுதினவர் பெட்ரோல் பக்கத்தை முடிச்சிட்டார். நான் காத்துப் பக்கம் எழுதறேன். என் பந்தயம் இங்கதான்.

காரணம் ரெண்டு. ஒண்ணு, ஏர் ஸ்க்ரூவை மூடினா கொஞ்சம் தேறுதுன்னீங்க. பைலட் வழி முழுசா அடைச்சிருந்தா ஸ்க்ரூ எங்க இருந்தாலும் இஞ்சினுக்கு ஒண்ணும் தெரியாது. தெரியுதுன்னா பெட்ரோல் ஓரளவு வருது. ரெண்டு, ஓட்டை எவ்வளவு பெருசோ அவ்வளவு காத்துதான் நுழையும். ஸ்லோவுல இஞ்சின் இழுக்கறதே கொஞ்சம் காத்து, அதுல இந்தத் திருட்டுக் காத்து பெரிய பங்கு. முழு ரேஸ்ல அது கடல்ல கரைச்ச பெருங்காயம். ஸ்லோவுல தகராறு, முழு ரேஸ்ல சுத்தம்ங்கற உங்க வண்டிக் குறி இதோட பொருந்துது. ரேஸ் விட்டா இறங்காம கத்தறதும் இதே சாதிதான்.

அதுக்கு முன்னால ஒரு நிமிஷ வேலை: ஸ்லோவுல வச்சு ஹேண்டிலை ரெண்டு பக்கமும் முழுசாத் திருப்பிப் பாருங்க. சத்தம் ஏறினா ஆக்சிலரேட்டர் கேபிள் இழுக்குது, அதை முதல்ல தளர்த்துங்க.

காத்து நுழையற இடங்கள்: கார்புரேட்டரும் மேனிஃபோல்டும் (கார்புரேட்டரை இஞ்சினோட சேர்க்கற குழாய்) சேர்ற இடம், மேனிஃபோல்டு பேக்கிங், ரீடு பிளாக் (காத்தை உள் பக்கம் மட்டும் விடற தகடு வால்வ்) பேக்கிங், சிலிண்டர் அடிப் பேக்கிங், கிராங்க் ரெண்டு பக்கத்து ஆயில் சீல். பம்ப் கழட்டின வண்டின்னா ஆயில் பைப் வந்து சேர்ந்த முனை. அதை சும்மா ரப்பர் சொருகி விட்டிருப்பாங்க, காய்ஞ்சு வெடிச்சிருக்கும். ஸ்லைடும் பாடியும் தேஞ்சு லொடலொடன்னு ஆடினாலும் ஸ்லோ நிக்காது.

ரெண்டு வருஷம் நின்ன வண்டியில சீல் உதடு காய்ஞ்சு இறுகிடும். வலது, அதாவது கிளட்ச் பக்க சீல் போனா கியர் ஆயிலை உறிஞ்சும். வெள்ளைப் புகை, ஈரப் பிளக், கியர் ஆயில் அளவு இறங்கும். இடது, மேக்னெட் (கரண்ட் எடுக்கற காந்தச் சக்கரம்) பக்க சீல் போனா வெறும் காத்துதான் வரும், பிளக் வெளுக்கும். உங்களுக்கு வெளுத்திருக்கு.

ஓடற இஞ்சின் மேல பெட்ரோலோ ஸ்ப்ரேயோ அடிச்சுப் பாக்கச் சொல்வாங்க. சூடான சைலன்சர் பக்கத்துல அந்த வேலை வேண்டாம். தவிர மேக்னெட்டுக்குப் பின்னால இருக்கற சீலுக்கு அது எட்டவும் எட்டாது. காத்து அடிச்சுப் பாக்கறதுதான் முறை.

இதுக்கு பிபி பாக்கற கருவி போதும், கடிகாரம் வச்ச பழைய மாடல். அதுல 300 காட்டினா கிட்டத்தட்ட 5.8 பிஎஸ்ஐ. கிராங்க் கேஸ் சோதனைக்குச் சரியான அளவு. அதுக்கு மேல ஏத்த வேண்டாம், சீல் தள்ளிக்கும். கம்ப்ரஸர் பக்கமே போகாதீங்க.

சைலன்சரைக் கழட்டிட்டு எக்ஸாஸ்ட் வாயை அடைக்கணும். தடிமனான ரப்பர் துண்டை வாய்க்குத் தக்கபடி வெட்டி, நடுவுல போல்ட் விட்டு ரெண்டு பக்கமும் வாஷர் வச்சு நட்டை இறுக்கினா ரப்பர் விரிஞ்சு அடைச்சுக்கும். கார்புரேட்டரை எடுத்துட்டு மேனிஃபோல்டு வாயிலயும் அதே மாதிரி ஒண்ணு, ஆனா நடுவுல போல்டுக்குப் பதிலா சின்னக் குழாய். பிபி கருவி டியூப் அதுல. பிளக் இடத்துலயே இருக்கட்டும். கிக்கரை மெதுவா அழுத்தி பிஸ்டனை அடிமட்டத்துக்குக் கொண்டு வாங்க, அப்பத்தான் சிலிண்டரும் கிராங்க் கேஸும் ஒண்ணாச் சேரும்.

பிளக் துளை வழியா அடிக்கச் சொல்லி நிறைய இடத்துல எழுதியிருக்கும். ரீடு வால்வ் வண்டிக்கு அது ஒத்து வராது. உள்ளிருந்து அழுத்தினா ரீடு மூடிக்கும், மேனிஃபோல்டு பக்கக் கசிவு தெரியாமப் போயிடும். மேனிஃபோல்டு வழியா அடிச்சா ரீடு திறந்து எல்லாப் பக்கமும் காத்துப் போகும்.

300க்கு ஏத்தி அஞ்சு நிமிஷம் பாருங்க. 250க்குக் கீழ இறங்கக் கூடாது. இறங்கினா பாத்திரம் கழுவற சோப்புத் தண்ணியை பிரஷ்ல எல்லா இணைப்புலயும் தடவுங்க, முதல்ல நீங்க செஞ்ச அடைப்புலயே. பாதி நேரம் கசிவு அங்கதான். இடது பக்க மேக்னெட் கவரைக் கழட்டிட்டு, ஸ்டேட்டர் பிளேட் (மேக்னெட்டுக்கு உள்ள காயில் இருக்கற தட்டு) சந்துலயும் தடவுங்க. வலது பக்கத்துக்கு கியர் ஆயில் ஊத்தற துளையில ஒரு படலம் சோப்பு. அது உப்பி வந்தா கிளட்ச் சீல்.

கல்லார்_94

பாத்துட்டேங்க.

காக்: நிமிஷத்துக்கு 210 மில்லி, தண்ணி இல்ல. கேபிள் சரி. ஸ்ப்ரே அடிச்சப்ப ஸ்லைடுக்குக் கீழ உள்ள ரெண்டாவது துளை அடைச்சிருந்தது, செம்பு இழை விட்டு ஊற வச்சதுக்கப்புறம் திறந்துருச்சு. கிட் பைலட் ஜெட்ல நம்பர் அதே, ஆனா நடுத்துளை கண்ணுக்கே சின்னதாத் தெரியுது. பழசைப் போட்டுட்டேன்.

பிபி கருவி: 300லிருந்து ஒரு நிமிஷத்துக்குள்ள 180. ஸ்டேட்டர் பின்னால நல்லாக் குமிழி. மேனிஃபோல்டு பேக்கிங்லயும் லேசா. கியர் ஆயில் துளையில ஒண்ணும் இல்ல.

இடது சீல் மாத்த இஞ்சினைப் பிரிக்கணுமா?

ரீடு_வால்வ்

இடது பக்கத்துக்கு வேண்டாம். மேக்னெட்டை அதுக்குரிய புல்லர் போட்டு இழுங்க. சுத்தியலால தட்டினா கிராங்க் வளையும், காந்தமும் கெடும். ஸ்டேட்டர் பிளேட்டுக்கும் கேஸுக்கும் சேர்த்து ஒரு கோடு கீறிட்டு அப்புறம் கழட்டுங்க, இல்லேன்னா டைமிங் மாறும். சின்ன அரைவட்டச் சாவி கிராங்க்ல இருக்கும், அதைப் பத்திரமா எடுத்து வைங்க.

பழைய சீல்ல சின்னத் துளை போட்டு ஸ்க்ரூ ஏத்தி இழுத்தா வந்துரும். துளை போடறப்ப பேரிங்கைத் தொட்டுராதீங்க, தூள் உள்ள விழாம கிரீஸ் தடவின ட்ரில் பிட். பழைய சீல் எவ்வளவு ஆழத்துல, எந்தப் பக்கம் பாத்து உக்காந்திருந்ததுன்னு முன்னாடியே போட்டோ எடுத்துக்கங்க. கிராங்க் தண்டுல சீல் உரசின இடத்துல நகம் மாட்டற அளவுக்குப் பள்ளம் இருந்தா, புது சீலை ஒரு மில்லிமீட்டர் தள்ளி உக்கார வைங்க. உதட்டுல கிரீஸ், வெளி விட்டத்துக்குச் சரியான சாக்கெட் வச்சு நேராத் தட்டுங்க. மாத்திட்டு திரும்பவும் 300 வச்சுப் பாக்காம மூடாதீங்க.

மேனிஃபோல்டு பேக்கிங் மாத்தும்போது முகத்தை கண்ணாடி மேல வச்ச எமரி பேப்பர்ல நாலு இழுப்பு இழுத்து மட்டமாக்குங்க. அதிகமா இறுக்கி வளைஞ்ச மேனிஃபோல்டுதான் மறுபடி மறுபடி கசியும்.

கல்லார்_94

சீல், பேக்கிங் ரெண்டும் மாத்தியாச்சு. அஞ்சு நிமிஷத்துல 300லிருந்து 285. சோக் இல்லாம ஸ்லோ நிக்குது, ரேஸ் விட்டா உடனே இறங்குது. ஏர் ஸ்க்ரூ ஒண்ணேகால் சுத்துல நல்லா இருக்கு. 40ல மட்டும் இன்னும் லேசா இழுத்து விடுது, முன்னைக்கு இப்ப கால்வாசிதான்.

ஸ்பேனர்_10_12

ஒன்றேகால் என்பது ஆரோக்கியமான இடம். ஒரு சுற்றுக்கும் குறைவாக வைத்தால்தான் நிற்கிறது என்றால் பைலட் ஜெட் சிறியது, இரண்டரைக்கு மேல் என்றால் பெரியது. உங்களுக்கு இரண்டும் இல்லை, பைலட்டைத் தொடாதீர்கள். ஸ்லோ ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்கு இறக்கிவிட்டீர்களா? அது உள்ளேயே இருந்தால் ஸ்லைடு தூக்கி நின்று, நீங்கள் செய்கிற டியூனிங் எல்லாம் தப்பான துளையில் நடக்கும்.

மிச்சம் இருக்கிற இழுப்புக்கு எரிபொருள்தான் காரணம் என்று நினைக்கிறேன். அந்தக் காலத்தில் இந்த ஜெட்டுகளைத் தேர்ந்தவர்கள் எத்தனால் இல்லாத பெட்ரோலுக்குத் தேர்ந்தார்கள். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று, இ20க்கு சுமார் 13.5. அதே ஜெட்டில் அதே அளவு ஊற்றினால் 8 சதவீதம் லீன். கால் ரேஸிலிருந்து முக்கால் வரை அதைச் சரிக்கட்டுவது நீடில், ஸ்லைடில் தொங்கும் ஊசி. ஸ்லைடைத் தூக்கி, நீடில் கிளிப் மேலிருந்து எத்தனையாவது பள்ளத்தில் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு, ஒரு பள்ளம் கீழே இறக்குங்கள். கிளிப் இறங்கினால் ஊசி ஏறும், பெட்ரோல் கூடும். ஒரே ஒரு பள்ளம். ஒன்றை மாற்றி, ஓட்டிப் பார்த்து, அப்புறம் அடுத்தது.

போர்_செட்

அப்ப மெயின் ஜெட்டும் ஏத்தணும்ல? இ20 அங்கயும்தானே போகுது. 😀

ஸ்பேனர்_10_12

இந்த முறை நீங்கள் சொல்வது நியாயம். நீடில் சரியான பிறகு ஒரு படி மட்டும், இப்போதிருக்கிற நம்பரிலிருந்து அடுத்தது. ஆனால் கிட்டோடு வந்த மெயின் ஜெட் இன்னும் உள்ளேயே இருக்கிறதென்றால், முதலில் பழையதைப் போட்டுப் பாருங்கள். பைலட்டில் நம்பர் பொய் சொன்ன கிட், மெயினில் மட்டும் உண்மை சொல்லும் என்று எதிர்பார்க்க முடியாது.

கல்லார்_94

மெயினும் பழசே போட்டுட்டேன். கிளிப் மூணுலிருந்து நாலுக்கு இறக்கியாச்சு. 40ல சீரா போகுது, பிளக் காப்பிக் கலர். இனி குன்னூர்ல எப்படி இருக்கும்?

ரீடு_வால்வ்

இனி கீழ நல்லா ஓடும், மேல கொஞ்சம் மக்கர் பண்ணும். பாதி ரேஸ்ல பொறபொறன்னு கனமா சத்தம் வரும், புகையும் கொஞ்சம் கூடும். அது ரிச், அதனால பிஸ்டன் பிடிக்காது. ஒரு நாள் போய் வர்றதுன்னா ஏர் ஸ்க்ரூவைக் கால் சுத்து வெளிய விட்டுக்கங்க, ஸ்லோவுக்குப் போதும். ஒரு வாரம் அங்கேயே தங்கறதா இருந்தா மட்டும் கிளிப்பை மூணுக்கு ஏத்துங்க. இறங்கறதுக்கு முன்னால மறக்காம நாலுக்குத் திருப்பிடுங்க.